இன்ஜின் மேல் மூன்று பட்டை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் மருமகள் ஷாலினியும் ஜோகூரில் இருக்கும் பாசீர் கூடாங்குக்குக் கிளம்புகிறீர்கள். புது வேலை, புது வீடு. அப்பாவின் பழைய காரில்தான் போவேன் என்கிறாய். போய் வா, நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கிளம்புமுன் பானெட்டைத் திறந்து, இன்ஜினில் இருக்கும் அந்தக் கறுப்பு மூடியின் மேல் மறுபடியும் விபூதி பூசாதே. நேற்று சாயங்காலம் இதை நேரில் சொல்ல வாயெடுத்தேன். நீ சொல்ல விடவில்லை. மூடி சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அழிச்சது?" என்று கேட்டாய். நான்தான் என்றேன். "உங்களுக்கு நம்பிக்கை இல்ல, சரி. அடுத்தவன் நம்பிக்கையையும் துணிய வச்சுத் தொடைக்கணுமா? அப்பாவ நெனச்சு வச்சதுமா அது," என்று பானெட்டை அடித்துச் சாத்தினாய். "ஞாயித்துக்கெழம கெளம்புறப்ப வைக்கத்தான் போறேன்" என்று உள்ளே போனவன் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சட்டென்று பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் நடுவில் யாரும் எதையும் அடித்துச் சாத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். நீ படித்த பிறகு இதை மற்றவர்களுக்கும் படிக்கக் கொடுப்பேன். உன்னைப் போல் பழைய வண்டியும் நல்ல பக்தியும் உள்ள பிள்ளைகள் இந்தத் தோட்டங்களைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் யாராவது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் அந்தச் சத்தம். நீ அதை வண்டிக்குள் இருந்து கேட்கிறாய். ரேடியோ பாடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, உனக்கு அது ஓர் இருமல். நான் அதை வீட்டிலிருந்து கேட்கிறேன். நீ நீலாய் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது புக்கிட் பெலண்டோக் பக்கம் இன்னும் பனி விலகியிருக்காது. கார் கேட்டைத் தாண்டி எண்ணெய் மில்லுக்குப் போகும் மேட்டில் ஏறும். செம்பனை மரங்களுக்கு நடுவே பின் விளக்கு மறைந்த பிறகு சத்தம் மட்டும்தான் எனக்கு மிச்சம். அப்போது டொம் என்று ஒன்று. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அந்தப் பக்கத்துக் காட்டோரம் பன்றி சுட வருகிறவர்களும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் சுடுவார்கள். எது துப்பாக்கி, எது உன் வண்டி என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. மறுபடியும் இன்ஜின் உறுமுவது கேட்கும்வரை கையில் இருக்கும் தேத்தண்ணியை நான் குடித்ததும் இல்லை, குவளையைக் கீழே வைத்ததும் இல்லை.

உனக்கு நினைவிருக்காது, சின்ன வயதில் தீபாவளி என்றால் நீ துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாய். வெளியே வரிசை வீடு முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும். அப்பா அலமாரிக் கதவைத் தட்டி, "முடிஞ்சிருச்சுடா, வெளிய வா" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சரம் வெடிக்கும். நீ கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வாய். அந்தப் பிள்ளை இன்று தன் வண்டி வெடித்தால் சிரிக்கிறான். "ஒனக்கு மட்டும் டெய்லி தீபாவளியாடா" என்று தொழிற்சாலையில் கூட்டாளிகள் கேலி செய்வதைப் பெருமையாக வந்து சொல்கிறான். ஷாலினி உனக்கு மேல். "அத்த, நீங்க ஏன் பயப்படுறீங்க? இவரு மேடு ஏறுனா தோட்டத்துப் பன்னியெல்லாம் ஜோகூருக்கு ஓடிருது. நாங்க போய்ச் சேர்றப்ப அதுங்கதான் லைன் கட்டி நின்னு எங்கள வரவேற்கப் போவுது," என்றாள். நானும் சிரித்தேன்.

நீ ஒன்றும் அலட்சியமாக இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அம்பாங்கானில் ஆ கியோங் பட்டறைக்கு எத்தனை முறை கொண்டுபோனாய். ஆ கியோங் தோட்டத்துச் சீனக் கடைக்காரர் மகன், தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் அவருக்கு நம்மைவிட நன்றாகவே வரும். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பிளக் ஒயர்களை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். புகை போகும் எக்ஸோஸ் குழாய் மூட்டில் காற்று கசிகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். பொறி விழும் நேரத்தைக் கருவி வைத்துச் சரி பார்த்தார். ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறை வாசலில் வெயிலில் நின்று பூனைபோல் உறுமிக்கொண்டிருக்கும். "அக்கா, இங்க வந்தா நல்ல பிள்ளையாயிருதுலா. வீட்டுல என்ன திட்டுறீங்க?" என்று என்னைக் கேட்டார். லுக்குட்டில் இன்னொரு மெக்கானிக், மலாய்க்காரர் பாக் ரோஸ்லி, அவரும் பார்த்தார். அவரும் ஒன்றும் இல்லை என்றார்.

நான் செம்பனை எண்ணெய் மில்லின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். ரசாயனம் படித்தவள். ஒரு பிரச்சினை வந்தால் அது எப்போது நடக்கிறது என்பதைப் போலவே எப்போது நடப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வண்டி வெயிலில் வெடிப்பதில்லை. பனிக் காலையிலும் மழைக்குப் பிறகும் வெடிக்கிறது. சமதரையில் மெதுவாகப் போனால் வெடிப்பதில்லை. மேடு ஏறும்போதும் முந்துவதற்காக அழுத்தும்போதும் வெடிக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. ஈரம் எங்கோ புகுகிறது என்றுகூட யோசித்தேன். ஆனால் உன் காரின் பானெட்டுக்குள் நான் தலையை விடவில்லை. அது உன் இடம், உன் அப்பாவின் இடம் என்று விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஹாங்கில் ஷாலினியின் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் திரும்பி வந்தோமே, அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி. நீ வலது பக்கம் எடுத்து அழுத்தினாய். லோரியின் பாதி நீளத்துக்கு வந்திருப்போம். டொம். கார் முன்னால் போவதை நிறுத்திவிட்டது. நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. எனக்கு இடப்பக்கம் லோரியின் சக்கரம் என் முகத்து உயரத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே வளைவில் ஒரு விளக்கு வந்தது. நீ ஏதோ செய்தாய், வண்டி இன்னொரு முறை வெடித்தது, பிறகு பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. எதிரே வந்தவன் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனான். "பாத்தீங்களாமா, எப்படி எழும்புது!" என்றாய் நீ. பின் சீட்டில் இருந்த ஷாலினி அன்றைக்கு மட்டும் பன்றி ஜோக் எதுவும் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கும்போது நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கைப்பையைத் தேடுவதுபோல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு நான் செய்தது உனக்குத் தெரியாது. ஷாலினிக்கும் தெரியாது.

நீங்கள் இருவரும் உள்ளே போன பிறகு நான் சாமி மேடையிலிருந்து விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உனக்குத் தெரியும், நான் அந்தத் தட்டைத் துலக்கி வைப்பதோடு சரி. உன் அப்பா எத்தனையோ ஆண்டுகள் ஆயுத பூசைக்குக் காரின் முகப்பிலும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைத்தார். நான் பக்கத்தில் நின்று சுண்டல் தட்டைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் தவறிப்போன பிறகு வந்த முதல் ஆயுத பூசையில் நீ பானெட்டையும் திறந்தாய். எல்லா ஒயரும் போய்ச் சேரும் அந்தக் கறுப்பு மூடியைக் காட்டி, "இதாம்மா இதோட தல," என்று தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலால் இழுத்துப் பட்டை போட்டாய். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போட்டாய். வண்டி வெடிக்க ஆரம்பித்ததும் தூரமாகப் போகிற நாளிலெல்லாம் போட்டாய். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்று இருந்தேன். அந்த ஞாயிறு நான் பானெட்டைத் திறந்தேன். பழைய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து செதில் செதிலாக நின்றன. என்னை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, உன்னுடையதைவிடத் தடிமனாக, ஒயர்களுக்கு நடுவே விரல் போகிற இடமெல்லாம் பூசினேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அந்த லோரிச் சக்கரம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. கையில் செய்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலை நீ கிளம்பினாய். நான் குவளையோடு நின்றேன். மேட்டில் ஒரு வெடி இல்லை, வரிசையாகக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உறுமல் திரும்ப வரவே இல்லை. நான் செருப்பைப் போடாமல் கேட்வரை ஓடியிருக்கிறேன், அதுகூடப் பிறகு காலில் கல் குத்தியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து நீ நடந்து வந்தாய். கையில் கருகிய துண்டு. உன் சட்டையிலும் முடியிலும் பெட்ரோலும் புகையும் நாறின. "ஒன்னும் இல்லமா. கார்புரேட்டர் வழியா நெருப்பு திருப்பி அடிச்சிருச்சு. ஏர் பில்டர் பேப்பர் புடிச்சுது, துண்டப் போட்டு அமுக்கிட்டேன்," என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நல்லவேள பட்ட இருந்துச்சு. இல்லன்னா முழுக் காடியும் போயிருக்கும்." உன் புருவத்தில் ஓர் ஓரம் பொசுங்கியிருந்ததை நீ கண்ணாடியில் பார்த்தாயா? நான் பார்த்தேன்.

காரைத் தள்ளிக்கொண்டுவந்து போர்ச்சில் விட்டுவிட்டு, நீ கூட்டாளியின் மோட்டர் சைக்கிளில் வேலைக்குப் போனாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெரிய மழை வந்தது. நான் அன்று வேலைக்குப் போகவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்து போர்ச்சில் விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. காற்றிலேயே ஈரம். வெடிப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. ஷாலினியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன். "அத்த, அவருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வீட்ட விட்டுத் தொரத்திருவாரு," என்றாள். "இது என் வீடு, அவன்தான் போகணும்," என்றேன். சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். பானெட்டைத் திறந்து, கருகிய பில்டரை எடுத்து எறிந்துவிட்டு, கோணிச் சாக்கை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பொறி வெளியே எங்காவது தாவினால் இருட்டில் தெரியும் என்று போர்ச் விளக்கை அணைத்தேன். அவள் வண்டியைக் கிளப்பி மெல்ல அழுத்தினாள்.

அதைப் பார்க்கும்வரை நான் மின்சாரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மூடியின் மேல், நான் பூசிய பட்டையின் வழியாக, நீல நிறத்தில் ஒரு நூல் ஓடியது. ஒரு ஒயரின் அடியிலிருந்து புறப்பட்டு பக்கத்து ஒயரின் அடிக்குப் போனது. அணைந்தது. மறுபடியும் ஓடியது. புழுவைப் போல் நெளிந்தது. டிக் டிக் என்று சத்தம். நான் பூசிய விரல் தடம் ஒவ்வொன்றையும் அது தேடிப் பிடித்து அதன் வழியாகவே போயிற்று. ஷாலினி இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கார்புரேட்டர் வாயிலிருந்து டப் என்று ஒரு சின்னத் தீ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "என்னத்த? என்னா பாத்தீங்க?"

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த மூடியின் நடுவே மின்சாரம் வருகிறது. சுற்றியிருக்கும் நான்கு முனைகள் வழியாக முறை வைத்து நான்கு சிலிண்டருக்கும் போகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் ஆவி நிறைந்து, வால்வு என்கிற கதவு அடைத்துக்கொண்டு, அமுங்கிய பிறகுதான் பொறி விழ வேண்டும். முறை தவறிப் பக்கத்து சிலிண்டரில் விழுந்தால் அங்கே கதவு இன்னும் திறந்திருக்கும். தீ வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டர் பக்கம் அடிக்கும். இல்லையென்றால் எரியாத பெட்ரோல் எக்ஸோஸ் குழாய்க்குப் போய் அங்கே வெடிக்கும். முறை தவறாமல் இருக்கத்தான் அந்த மூடி மின்சாரம் கடத்தாத பொருளில் செய்யப்பட்டிருக்கிறது. நாம் அதன் மேல் சாம்பலைப் பூசினோம். சாம்பலில் உப்பு இருக்கிறது. காய்ந்திருக்கும்வரை அது சும்மா கிடக்கும். பனியிலும் மழையிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் அழுத்தம் கூடும், உள்ளே பொறி குதிப்பது சிரமமாகும், வெளியே சுலபமான பாதை இருந்தால் மின்சாரம் அதில் போகும். எங்கள் மில்லில் கொதிகலன் சாம்பல் மூட்டையைத் திறந்து போட்டால் ஒரே ராத்திரியில் நசநசவென்று ஆகிவிடும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அதே மாதிரிச் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைத்து இன்ஜினில் பூசினேன்.

மறுநாள் மூடியைக் கழற்றி ஆ கியோங்கிடம் எடுத்துப் போனேன். பட்டையைச் சுரண்டி ஸ்பிரிட்டில் துடைத்தபோது அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டதுபோல் கருகிய தடம் இரண்டு முனைகளுக்கு நடுவே தெரிந்தது. ஆ கியோங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் உள்ளுக்குத் தொறந்து பாத்தேன் அக்கா, சுத்தமா இருந்துச்சு. மேல பாக்கல." "ஏன் பாக்கல?" என்று கேட்டேன். "மேல சாமிலா. ஒயர மாத்துறப்பகூட வெரல் படாமதான் மாத்துனேன். நீங்க வேற, செருப்புப் போட்டுக்கிட்டு சாமி பக்கம் போகாதேன்னு சொல்ற ஆளுங்க. நான் எப்படித் தொடைக்கிறது?" பாக் ரோஸ்லியும் அப்படித்தான் விட்டிருப்பார். இன்ஜின் முழுக்கத் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார், அந்த மூடியைச் சுற்றி மட்டும் துணி படவில்லை. நீ பக்தியால் பூசினாய். அவர்கள் மரியாதையால் தொடவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை என்ற கூச்சத்தால் நான் கிட்டப் போகவில்லை. ஒருவராவது மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் உன் புருவம் பொசுங்கியிருக்காது.

அவரே வீட்டுக்கு வந்து புது மூடியும் புது பில்டரும் போட்டுக் கொடுத்தார். நேற்றுக் காலை நீ மோட்டரில் போன பிறகு நான் காரை எடுத்தேன். பனி கெட்டியாக இருந்தது. ஷாலினி தானும் வருவேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கச் சொன்னேன். "நீங்க மட்டும் போய் என்னாவது ஆச்சுன்னா நான் அவருகிட்ட என்னா சொல்றது?" என்றாள். "நீ வந்து என்னாவது ஆச்சுன்னா நான் என்ன சொல்றது?" என்றேன். இறங்கினாள். மேட்டின் அடியில் நிறுத்தினேன். எனக்குத் தெரியும், கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, மாற்றியாயிற்று, இனி வெடிப்பதற்குக் காரணம் இல்லை. தெரிந்தும் என் கால் அழுத்த மறுத்தது. தீ அடித்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று பார்த்து வைத்துக்கொண்டு கதவைப் பூட்டாமல் விட்டேன். பிறகு அழுத்தினேன். வண்டி ஏறியது. மரங்களுக்கு நடுவே வளைவு தாண்டி, உன் வண்டி வழக்கமாக வெடிக்கும் இடம் தாண்டி, மில் வாசல்வரை ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் ஏறினேன். இல்லை. வீட்டு வாசலில் ஷாலினி காதில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நான் தினமும் நிற்கும் அதே இடத்தில்.

அன்று சாயங்காலம்தான் நீ பானெட்டைத் திறந்தாய். நம்பிக்கையைத் துடைத்தேன் என்றாய்.

உனக்கு ஐந்து வயதிருக்கும்போது காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் உன்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அப்பா தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, சொல்லி அனுப்பியதும் ஓடி வந்தவர் நேராகக் கோயிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது. அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உன் மற்றக் கையைத் தூக்கிக் காட்டினேன். அதில் கட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. எங்களுக்குள் எல்லாமே அப்படித்தான் நடந்தது. அவர் கயிற்றை ஊசி ஏறிய கையில் கட்டவில்லை, தம்பி. அதை மட்டும் நீ நினைத்துப் பார். உன் அப்பாவை உன்னைவிட அதிகமாக அறிந்தவள் என்று சொல்லவில்லை. ஆனால் ஷாலினி உட்கார்ந்திருக்கும் வண்டியில் தீ திருப்பி அடிக்கும் என்று தெரிந்தால், அந்த மூடியை முதலில் துடைப்பவர் அவராகத்தான் இருப்பார்.

இதையெல்லாம் எழுதியும் என் பயம் போகவில்லை. மூடி புதிது, ஆனால் வண்டி பழையது. நெடுஞ்சாலை நீளம். அதனால் இதையும் கேட்டுக்கொள். ஷாலினியின் சீட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தீயணைப்பு உருளை வைத்திருக்கிறேன், அதைப் பெட்டி வைக்கிறேன் என்று எடுத்துவிடாதே. வண்டி எங்காவது மறுபடியும் வெடித்தால் அழுத்தி எழுப்பப் பார்க்காதே. காலை எடு, இடப்பக்கம் ஒதுக்கு, இன்ஜினை நிறுத்து. முதலில் அவளை இறக்கித் தள்ளி நிற்கச் சொல். பானெட்டிலிருந்து புகை வந்தால் அதை விரியத் திறக்காதே, காற்றுப் பட்டதும் தீ உன் முகத்துக்குத்தான் வரும். வண்டி போனால் போகட்டும். அப்பாவின் காராக இருந்தாலும் போகட்டும். லோரியை முந்தாதே. முந்தத்தான் வேண்டுமென்றால் மழையில் முந்தாதே. நீ இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய். சிரி.

ஞாயிற்றுக்கிழமை காலைக்காக நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நானே வாங்கி வைத்திருக்கிறேன். முகப்பில் சந்தனம் வை, குங்குமம் வை, மாலை போடு. பானெட்டை மட்டும் திறக்காதே. சாமி மேடையிலிருந்து விபூதித் தட்டை நான் எடுத்து வருகிறேன். இந்த முறை தண்ணீர் தொடாத விபூதி. முதலில் ஷாலினிக்கு, பிறகு உனக்கு, நானே நெற்றியில் வைத்துவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு வைத்துப் பழகாத கை, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ உயரம், கொஞ்சம் குனிய வேண்டும். வைத்த பிறகு நேராக மேட்டில் ஏறிப் போ, ரேடியோவைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போ. வெளியே நின்று நான் கேட்கிற மாதிரி நீயும் அந்த வண்டியை ஒருமுறை கேள். நான் குவளையை உள்ளேயே வைத்துவிட்டு வாசலில் நிற்பேன்.

அம்மா